நீலத்தில் விழுந்த இழை

டோனிகியான் புதன்கிழமை காலை போனில் கூப்பிட்டார். பிலோவ்திவில் அட்டைப்பெட்டி அச்சிடுகிறவர். சோப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி. எங்கள் புதிய பூச்சு போட்ட அச்சுத் தகட்டை முதலில் தன் இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"லூபென், உங்க தகட்டுக்குத் தலை நரைச்சுப்போச்சு," என்றார்.

"புரியலை சார்."

"பெட்டி முழுக்க ஒரே நீலம். அந்த நீலத்துல வெள்ளை முடி. சுருள் சுருளா. என் மாமியார் குளிச்சுட்டுப் போன தொட்டி மாதிரி இருக்கு."

"ஒரு தகட்டுலயா?"

"இருபது ஏத்தினேன். பதினாலுல இருக்கு. மையைச் சந்தேகப்பட்டேன், தண்ணியைச் சந்தேகப்பட்டேன், என் ஆளையே சந்தேகப்பட்டேன். எல்லாரும் நல்லவங்க. மிச்சம் இருக்கறது நீங்கதான்."

மாதிரிகளை அனுப்பச் சொன்னேன். ஏற்கெனவே பேருந்தில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்.

ஸ்லிவெனில் எங்கள் தொழிற்சாலையில் செய்வது இதுதான். அலுமினியச் சுருளை அமிலத்தில் ஓடவிட்டு மின்சாரத்தால் சொரசொரப்பாக்குவோம். அதன் மேல் நீலச் சாயம் கலந்த பிசினைப் பூசுவோம். தாளின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். ஓவனில் உலர்த்தி, வெட்டி, அடுக்கி அனுப்புவோம். அச்சகத்தில் லேசர் பட்ட இடத்தில் பூச்சு இளகிவிடும்; காரக் கரைசலில் கழுவினால் போய்விடும். படாத இடம் நிற்கும், மையைப் பிடிக்கும். நிற்க வேண்டிய இடத்தில் ஒரு முடியளவு பூச்சு இல்லாவிட்டாலும் அச்சில் அங்கே வெள்ளை விழும்.

பழைய பூச்சைக் கரைக்கப் பயன்பட்ட திரவம் ஜூன் மாதத்துக்குப் பிறகு கிடைக்காது. உடம்புக்குக் கெடுதி என்று நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வேறொன்றில் கரையும் பூச்சைச் செய்யும் வேலை என்னிடம் வந்தது. பதினாறு மாதம் ஆயிற்று. பன்னிரண்டாவது மாதத்தில், நவம்பரில், என் மனைவி நேவெனா இறந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதற்குப் பிறகான நான்கு மாதத்தில் நான் செய்த சோதனைகள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன. கையெழுத்து என்னுடையதுதான். செய்தது நினைவில்லை.

டைரக்டர் ஹரலம்பியேவ் மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார்.

"காயும்போது பூச்சு வெடிக்குதா?"

"தெரியலை."

"திங்கக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு சோபியாவுல தலைமை அலுவலகத்துக்கு நான் பதில் சொல்லணும். பூச்சுதான் வெடிக்குதுன்னா ஜூனுக்குள்ள இன்னொண்ணு செய்ய முடியுமா?"

"முடியாது."

"அப்போ ஜூன்ல லைனை மூடிடுவாங்க. பதினோரு பேர். உன்னைச் சேர்த்தா பன்னிரண்டு."

சரி என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லவில்லை. நவம்பரிலிருந்து எல்லாரும் அப்படித்தான். வாயைத் திறப்பார்கள், மூடிக்கொள்வார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அன்று மாலைவரை பூச்சை வெடிக்கவைக்க முயன்றேன். ஓவன் சூட்டைக் கூட்டினேன். காற்றைக் கூட்டினேன். பூச்சைத் தடிமனாகப் போட்டேன். சிறிய தகடுகள், முப்பத்திரண்டு. ஒன்றும் வெடிக்கவில்லை. நல்ல சேதிதான். ஆனால் டோனிகியானின் பதினாலு தகடுகளுக்கு அது பதில் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை, அதே ஓட்டத்தில் செய்து, லேசர் படாமல் பெட்டியிலேயே இருந்த தகடுகளை எடுத்தேன். கழுவிய தகட்டில் பள்ளம்தான் மிஞ்சும், அதைச் செய்தது எதுவென்று தெரியாது. கழுவாத தகட்டில் எதுவானாலும் அது இன்னும் உள்ளேயே இருக்கும்.

பரிசோதனை அறையில் மஞ்சள் விளக்கு. வெள்ளை வெளிச்சம் அதிக நேரம் பட்டால் பூச்சு கெடும். மஞ்சளில் நீலம் கறுப்பாகத் தெரியும், மற்ற நிறங்களும் ஏறக்குறைய அப்படியே. நான்காவது தகட்டின் ஓரத்தில் ஒரு கோடு கிடைத்தது. கண்ணிமை முடியின் நீளம். நுண்ணோக்கியில் வைத்தேன்.

வெடிப்பு என்றால் விளிம்பு கூராக இருக்கும், கிளை பிரியும். இது பிரியவில்லை. வளைந்து, தன் மேலேயே ஒருமுறை சுற்றி, முடிந்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன். உடம்பெங்கும் செதில். ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றின் மேல் ஒன்று ஏறிய செதில்.

கம்பளி.

பூச்சு அறைக்குள் கம்பளி கிடையாது. உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால்வரை பாலியெஸ்டர் உடுப்பு போட்டுக்கொள்வார்கள். காற்றும் வடிகட்டப்பட்டே வருகிறது. நான் நிமிர்ந்து என் கையைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டின் விளிம்பிலிருந்து கறுப்புக் கம்பளிச் சட்டையின் மணிக்கட்டு எட்டிப் பார்த்தது. நவம்பரிலிருந்து நான் கறுப்புதான் போடுகிறேன். கறுப்பில் எனக்கு இருந்தது அந்த ஒரு கனத்த சட்டைதான். வாரத்துக்கு ஒருமுறை துவைத்து அதையே போட்டேன். முழங்கையில் நூல் பிரிந்து தொங்கியது.

பூச்சு அறைக்குள் நானும் போவேன். அந்த ஓட்டத்தின்போது இரண்டு முறை போனேன். உடுப்பு போட்டுக்கொண்டேனா என்று யோசித்தேன். போட்டிருப்பேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நான்கு மாதத்தில் முதல் முறை. நான் பதினோரு பேருடைய வேலையைச் சட்டையோடு உள்ளே எடுத்துப்போய்க் கொட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன். பயப்பட முடிகிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

கண்ணாடித் தட்டில் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டு, அந்த இடத்தைச் சுரண்டிப் போட்டேன். பிசின் கரைந்து நீலம் பரவியது. இழையை ஊசியால் எடுத்து, சுத்தமான சொட்டில் கழுவி, தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். பகல் வெளிச்சம்.

சிவப்பு.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கறுப்பு இல்லை. நான் இல்லை. 

மார்ச் மாதத்தில் இந்த நாட்டில் சிவப்புக் கம்பளி எங்கே இருக்கும் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தோன்ற ஐந்து நிமிடம் ஆயிற்று. மார்ச் ஒன்றாம் தேதி எல்லாரும் எல்லாருக்கும் மார்தெனித்ஸா கட்டுவார்கள். சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த கம்பளி நூல், முனையில் குஞ்சம். நாரையைப் பார்க்கும்வரை, அல்லது பூத்த மரத்தைப் பார்க்கும்வரை அது மணிக்கட்டில் இருக்கும். துக்க வீட்டுக்காரனுக்கு யாரும் கட்டமாட்டார்கள். எனக்கு இந்த வருடம் யாரும் கட்டவில்லை, அது சரிதான். ஆனால் யார் கையிலும் நான் ஒன்றையாவது பார்த்தேனா? தேதி ஆறு ஆகிவிட்டது. தொழிற்சாலையில் ஒரு சிவப்பு நூல்கூட என் கண்ணில் படவில்லை.

இன்னும் இரண்டு இழைகளை எடுத்துக் கழுவினேன். ஒன்று சிவப்பு. ஒன்று வெள்ளை.

பூச்சு அறையின் கண்ணாடியில் தட்டினேன். சோன்கா அக்காவும் தின்கோவும் நிமிர்ந்தார்கள். தகட்டின் மேல் பூச்சு இறங்கும் வாயின் பொறுப்பு சோன்கா அக்காவுக்கு. இருபத்தாறு வருடமாக அங்கேதான். தின்கோ ஓவனைப் பார்த்துக்கொள்பவன், என்னைவிட நான்கு வயது மூத்தவன். வெளியே வரும்படி சைகை காட்டினேன். உடுப்பு மாற்றும் அறைக்கு வந்து முகமூடியை இறக்கினார்கள்.

"அக்கா, கையை நீட்டுங்க."

"எதுக்குத் தம்பி?"

"நீட்டுங்க."

வலது கையை நீட்டினாள்.

"அந்தக் கை."

அவள் தின்கோவைப் பார்த்தாள். தின்கோ கூரையைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அவள் இடது கையுறையைக் கழற்றி, சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மார்தெனித்ஸா. உள்ளே தள்ளித் தள்ளி நைந்திருந்தது. குஞ்சத்தில் பாதி இல்லை. மீதிப் பாதி எங்கே என்று எனக்குத் தெரியும்.

"நீ, தின்கோ?"

தின்கோவிடம் மூன்று இருந்தன. மனைவி கட்டியது, இரண்டு மகள்கள் கட்டியது.

"வருஷா வருஷம் வெளியில ஆணிப் பலகையில மாட்டிட்டுத்தானே உள்ள போவீங்க? ஷிப்ட் முடிஞ்சு எடுத்துக் கட்டிப்பீங்க."

"ஆமா," என்றாள்.

"இந்த வருஷம் என்ன ஆச்சு?"

அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நேராக்கினாள்.

"பலகை உன் ஜன்னலுக்கு நேரால்ல இருக்கு," என்றாள்.

புரிய நேரமாயிற்று.

"பதினோரு பேர் மாட்டினா சுவரே சிவப்பா இருக்கும்," என்றான் தின்கோ. "எட்டு மணி நேரம் அதைப் பார்த்துட்டு நீங்க உக்காந்திருக்கணுமேன்னு பேசிக்கிட்டோம். வீட்டுல கழட்டி வச்சுட்டு வரலாம்னா, நாரையைப் பார்க்காம கழட்டினா என் சின்னப் பொண்ணு என்னை உள்ள விடமாட்டா. அதான் கைக்குள்ள தள்ளிட்டோம். உடுப்பு மூடிடும்னு நினைச்சோம்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"உங்களையா? மணி என்னன்னு உங்களைக் கேக்கவே நாலு மாசமா பயமா இருக்கு சார்."

"நான் என்ன கடிக்கிறேனா?"

"கடிச்சாத் தேவலை. 'சரி'ன்னு சொல்றீங்க. ஓவன் நின்னுபோச்சுன்னாலும் சரி. சூப் ஆறிப்போச்சுன்னாலும் சரி."

சோன்கா அக்கா அவன் காலை மிதித்தாள். அவன் நிறுத்தவில்லை.

"மிதிக்காதேக்கா, எல்லாத்தையும் சொல்லிடறேன். நாப்பதாம் நாள் அஞ்சலி நோட்டீஸைக் கேட்டுலேர்ந்து எடுத்ததும் நான்தான். தினம் காலைல அவங்க படத்தைத் தாண்டித்தானே வரணும் நீங்க."

"காத்துல போச்சுன்னு நினைச்சேன்."

"காத்துக்கு நாலு ஆணி பிடுங்கத் தெரியுமா?"

"நோட்டீஸ் எங்கே?"

"என் அலமாரியில. மடிக்காம வச்சிருக்கேன்."

சோன்கா அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்போ அந்த முடியெல்லாம் இதுதானா?" என்றாள். "ஈரப் பூச்சு மேல குனிஞ்சு அளவு பார்க்கறது நான்தான். நாள் முழுக்க. லைனை மூடினா என்னாலதான் மூடினதா இருக்கும்."

"மூடமாட்டாங்க."

"ஹரலம்பியேவ் பேர் கேப்பான்."

"கேட்கட்டும்."

என் மேசைக்குப் போய்ச் சோதனைப் பதிவேட்டை எடுத்தேன். பூச்சு அறைக்குள் போகும் ஒவ்வொருவரையும் ஷிப்ட் வேதியியலாளர் வாசலில் நிறுத்தி, கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் பார்த்து, பசைத்தாள் சுற்றிய ஒட்டு உருளையால் உருட்டி, கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் வேதியியலாளர் நான். பதினோரு பெயர், பதினோரு கையெழுத்து, தினமும். நவம்பர்வரை கையெழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. சுவரில் வைத்துப் போட்டவை. அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக, அழகாக இருந்தன. மேசையில் உட்கார்ந்து போட்டவை. யாரையும் பார்க்காமல்.

அவர்கள் மறைத்தார்கள். நான் பார்க்கவில்லை. இரண்டில் ஒன்று நடக்காமல் இருந்திருந்தாலும் டோனிகியானின் நீலத்தில் ஒன்றும் விழுந்திருக்காது.

அறிக்கையை ஒரே பக்கத்தில் எழுதினேன். பூச்சு வெடிக்கவில்லை. ஈரப் பூச்சின் மேல் கம்பளி இழை விழுந்தது. வாசல் சோதனை நடக்கவில்லை, பொறுப்பு நான். மற்றவர் பெயர் எதுவும் தேவைப்படவில்லை.

ஹரலம்பியேவ் இரண்டு முறை படித்தார்.

"கம்பளி நூலா?"

"ஆமா."

"பூச்சு நல்லா இருக்கு?"

"பூச்சு நல்லா இருக்கு."

"நிச்சயமா?"

"இழையை எடுத்துக் கண்ணாடித் தட்டுல வச்சிருக்கேன். வந்து பாருங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சோபியாவுல இருக்கறவனுக்கு நான் என்ன எழுதறது? நாரை இன்னும் வரலை, அதனால பெட்டியில வெள்ளைக் கோடுன்னா?"

"அவங்க கையிலயும் இருக்கும். புரிஞ்சுக்குவாங்க. உங்க கையிலயும் இருக்கு."

அவர் சட்டைக் கையைச் சட்டென்று இழுத்து மூடினார். பிறகு, மூடியதை நினைத்து வெட்கப்பட்டது போல மேலே தள்ளிவிட்டார். "பேத்தி," என்றார். "உன் முன்னாடி வேண்டாமேன்னு." அறிக்கையின் அடியில் விரலை வைத்து, "இந்தக் கடைசி வரியை எடுத்துடு. சோதனை நடக்கலைங்கறதை."

"எடுக்கமாட்டேன்."

"மேல கேள்வி கேப்பாங்க."

"நான் பதில் சொல்றேன்."

அவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "மறுபடி ஓட்டு. திங்கக்கிழமை பன்னிரண்டுக்குள்ள நல்லா இருக்குன்னு டோனிகியான் வாயால வரணும். உன் வாய் போதாது."

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பதிவேட்டோடு வாசலில் நின்றேன். பலகையில் பதினோரு ஆணிகள். முதலில் நான் என் கறுப்புச் சட்டையைக் கழற்றி, பலகைக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். கம்பளிக்கு நிறம் கணக்கில்லை. உள்சட்டையோடு நின்றேன், குளிர்ந்தது. பின்னால் நின்றவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள்.

"அடுத்து யாரு?" என்றேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கழுத்தைப் பார்த்தேன். மணிக்கட்டைப் பார்த்தேன். மணிக்கட்டைப் பார்க்கும்போது முகமும் தெரிந்தது. வெட்டும் இயந்திரத்தில் நிற்கும் ஸ்லாவ்கா முடிக்குச் செம்பட்டைச் சாயம் போட்டிருந்தாள்.

"எப்போ போட்டது?"

"கிறிஸ்துமஸுக்கு," என்றாள். "மங்கிடுச்சு, மறுபடி போடணும்."

தின்கோவின் மூன்று நூல்களும் ஒரே ஆணியில் நிற்கவில்லை. "குடும்பஸ்தனுக்குத் தனி ஆணி வேணும்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சோன்கா அக்கா முடிச்சை அவிழ்க்கவில்லை; கையிலிருந்து உருவி மாட்டினாள். அவிழ்த்தால்தான் கழற்றியதாகுமாம். உருளையை அவள் முழங்கை வரை இரண்டு முறை உருட்டினேன். தாளில் நான்கு சிவப்பு இழைகள் ஒட்டியிருந்தன. அவளிடம் காட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஏழு மணிக்குச் சுருள் ஓடத் தொடங்கியது.

திங்கள் காலை தகடுகளை வேனில் ஏற்றிக்கொண்டு நானும் தின்கோவும் பிலோவ்திவ் போனோம். டோனிகியான் இயந்திரத்தின் கோடியில் நின்றார். அறுபது வயது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டிருந்தார்.

"இன்னிக்கு யாரோட முடி?" என்றார்.

"யாரோடதும் இல்லை."

"என் மாமியாரைக் கூப்பிடவா, ஒப்பிட்டுப் பார்க்க?"

தகட்டில் லேசர் ஓடியது. கழுவி எடுத்தோம். இயந்திரத்தில் பூட்டினார்கள். முதல் நூறு தாள் கழிவு. பிறகு ஒன்றை உருவி விளக்கு மேசையில் விரித்தார். நீலம். தலைகீழாகத் திருப்பினார். லென்ஸை வைத்து ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் ஓரிடத்தில் நின்றது.  அவர் நகத்தால் சுரண்டினார்.

"தாள் தூசி," என்றார். "அது என்னுது."

ஆயிரமாவது தாள். ஐயாயிரமாவது தாள். இருபது தகடுகளையும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். பதினொன்றேகாலுக்கு அவர் லென்ஸைச் சட்டைப் பையில் போட்டார்.

"ஒண்ணும் இல்லை," என்றார். "வெறும் நீலம். இதைப் பார்க்கறதுக்கு இவ்வளவு சந்தோஷப்படறது நான் ஒருத்தன்தான் இருப்பேன்."

"நான் இருக்கேன்," என்றேன்.

ஹரலம்பியேவுக்கு அவரே போன் செய்தார். நான் வெளியே வந்து வேனின் படியில் உட்கார்ந்தேன்.  வெயில் இருந்தது. மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. தின்கோ சீஸ் வைத்துச் சுட்ட பானித்ஸா ரொட்டி இரண்டு வாங்கிவந்தான், எண்ணெய் காகிதத்தை நனைத்திருந்தது. எனக்கு ஒன்றைக் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு அவன் கையிலிருந்த பாதியையும் வாங்கிச் சாப்பிட்டேன். 

திரும்பும் வழியில் தின்கோ ஓட்டினான். நோவா ஸகோரா ஊரைத் தாண்டியதும் தொண்டையைச் செருமினான்.

"சார், இன்னும் ஒண்ணு இருக்கு. இதையும் சொல்லாமலே வச்சிருந்தேன். இது அதுக்கு முன்னாடி நடந்தது. போன வருஷம் மே மாசம்."

"சொல்லு."

"நேவெனா மேடம் ஃபாக்டரிக்கு வந்தாங்க."

நான்கு மாதத்தில் என்னைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

"எதுக்கு?"

"உங்க மூக்குக்கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களாம். கேட்டுல காவலாளி உள்ள விடலை. அனுமதிச் சீட்டு வேணும்னான். உடனே அவங்க முகத்தை இப்படி வச்சுக்கிட்டு, சோபியாலேர்ந்து தீயணைப்புச் சோதனைக்கு வந்திருக்கேன், யார் பொறுப்புன்னு கேட்டாங்க. அன்னிக்கு நான்தான் பொறுப்பு."

"உனக்கு அவளைத் தெரியாதா?"

"கல்யாணத்துல பார்த்ததுதான். வெள்ளை உடுப்புல பார்த்தவங்களை எப்படித் தெரியும்? ஒவ்வொரு தீயணைப்பானா காட்டினேன். முக்கால் மணி நேரம். நோட்டுல எழுதிக்கிட்டே வந்தாங்க. ரெண்டாவது மாடில ஒண்ணு காலாவதி. என்னை மன்னிச்சுடுங்க மேடம், மாத்திடறேன்னேன். மாத்தினா போதாது, எழுத்துல மன்னிப்பு வேணும்னாங்க."

"எழுதினியா?"

"ரெண்டு பக்கம். கையெழுத்து போட்டு, முத்திரை குத்தி. வாங்கி மடிச்சுப் பையில வச்சுட்டு, இந்தக் கண்ணாடியை லேப்ல லூபென்கிட்ட குடுத்துடுங்க, மதியம் சாப்பிடச் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

கண்ணாடி மேசையில் இருந்த நாள் நினைவிருக்கிறது. யார் கொண்டுவந்தது என்று கேட்டேன். காவலாளி என்று தின்கோ சொன்னான். வீட்டில் கேட்டபோது, ஆமாம், கேட்டில் கொடுத்தேன் என்றாள். ஒரு தசைகூட அசையவில்லை அவள் முகத்தில்.

"ரெண்டு பக்கமா?" என்றேன்.

"ரெண்டு பக்கம் சார். 'என் கவனக்குறைவால் நாட்டுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய இழப்பு'ன்னு ஒரு வரி வேற. அவங்கதான் சொல்லச் சொல்ல எழுதவச்சாங்க."

முதலில் இருமல் என்றுதான் நினைத்தேன். பிறகு சிரிப்பு என்று தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. விலா வலித்தது. தின்கோ பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் அவனும் சிரிக்கத் தொடங்கினான். வண்டி கோட்டைத் தாண்டியது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"ஓரமா நிறுத்து," என்றேன். "நிறுத்திட்டு முதல்லேர்ந்து சொல்லு."

அவன் நிறுத்தினான்.